சமமாய்ச் சாய்ந்த கப்பல்கள்

அந்த வருஷங்களில் தென் அமெரிக்காவில் போர்க்கப்பல் வாங்குவதுதான் நாகரிகம். முதலில் பிரேசில் ஆர்டர் கொடுத்தது. பிரேசில் கொடுத்ததால் அர்ஜென்டினா கொடுத்தது. அர்ஜென்டினா கொடுத்த பிறகு சும்மா இருந்தால் நாலு பேர் என்ன சொல்வார்கள் என்று சிலியும் கொடுத்தது. பெரிய வீடுகளில் பியானோ வந்து இறங்கிவிட்டால் பக்கத்துச் சின்ன வீட்டுக்காரனுக்குத் தூக்கம் போய்விடும். வாசிக்கத் தெரியாது, வைக்க இடமில்லை என்பதையெல்லாம் அவன் ஒரு காரணமாகவே எடுத்துக்கொள்ள மாட்டான்.

பார்தோ ஆறு கடலில் விழுகிற இடத்தில், மேற்குக் கரையில் சான் ஹசிந்தோ, கிழக்குக் கரையில் சாந்தா பிரிகிதா என்று இரண்டு சின்னக் குடியரசுகள் இருந்தன. முன்னதன் பெயரில் இருப்பவர் ஆண் புனிதர், பின்னதன் பெயரில் இருப்பவர் பெண் புனிதர். மற்றபடி இரண்டிலும் அதே மாடு, அதே புல்வெளி, அதே மாத்தே பானம், அதே கடன்காரர்கள். இரண்டு அரசாங்கங்களும் ஆழ்ந்து ஆலோசித்து, ஒரே ஐரோப்பியக் கப்பல் தளத்தில், ஒரே மாதிரிக் கப்பலுக்குச் சொல்லி வைத்தன. இருவர் சொன்ன காரணமும் ஒன்றுதான்: எதிர்க்கரைக்காரன் வாங்குகிறானாம்.

சான் ஹசிந்தோவின் கப்பலுக்கு 'குளோரியா' என்று பெயர் வைத்தார்கள். அதற்குக் கேப்டனாக இலாரியோ உகால்தே என்பவரை நியமித்தார்கள். அதுவரை அவர் சுங்கத்துறையின் சின்ன நீராவிப் படகில், பாலாடைக்கட்டியும் புகையிலையும் கடத்துகிறவர்களைத் துரத்திக்கொண்டிருந்தவர். நாட்டில் வேறு கடற்படை இல்லாததால் அனுபவசாலி என்று அவர் ஒருவரைத்தான் சொல்ல முடிந்தது. ஐம்பது வயதுக்கு மேல், கொஞ்சம் தொப்பை, நன்றாக முறுக்கிவிட்ட மீசை. புதுச் சீருடை வந்த அன்று கண்ணாடியின் முன்னால் அவர் நின்ற நேரத்தில் ஒரு கப்பலுக்கே நிலக்கரி ஏற்றியிருக்கலாம்.

"போதுங்க, கண்ணாடிக்கே வெக்கமா இருக்கு," என்றாள் அவர் மனைவி ரெமேதியோஸ்.

ரெமேதியோஸ் கிழக்குக் கரைக்காரி. கல்யாணம் நடந்த விதம் ஊருக்கே தெரியும். பல வருஷங்களுக்கு முன்னால் ஒரு கடத்தல்காரனை இந்தப் பக்கத்திலிருந்து இலாரியோவும் அந்தப் பக்கத்திலிருந்து திபூர்சியோ சலாசார் என்கிற அதிகாரியும் துரத்தி, நட்டாற்றில் இருவர் படகும் மோதிக்கொண்டன. யார் எல்லைக்குள் யார் வந்தது என்று இருவரும் சண்டை போட்டு முடித்தபோது கடத்தல்காரன் சந்தைக்குப் போய்ச் சரக்கை விற்றே முடித்திருந்தான். பசியோடு திபூர்சியோவின் வீட்டுக்குப் போனார்கள். சோறு பரிமாறியது அவருடைய தங்கை. அன்று முதல் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் ஒரு வாரம் இந்தக் கரையில், ஒரு வாரம் அந்தக் கரையில் என்று சுட்ட மாட்டு விலாவும் சிவப்பு ஒயினும் நடந்துவருகின்றன.

சாந்தா பிரிகிதாவின் கப்பலுக்கு 'விக்தோரியா' என்று பெயர். அதன் கேப்டன் யார் என்று சொல்லவும் வேண்டுமா? மச்சானும் மாப்பிள்ளையும் ஒன்றாகத்தான் ஐரோப்பாவுக்குப் போய், பக்கத்துப் பக்கத்தில் நின்ற இரண்டு கப்பல்களையும் ஓட்டிக்கொண்டு வந்தார்கள். வழியில் திபூர்சியோவுக்குக் காபித்தூள் தீர்ந்துபோக, நட்ட நடுக் கடலில் இலாரியோ ஒரு டப்பா கொடுத்துவிட்டார். அதைப் பற்றி இரண்டு அரசாங்கங்களுக்கும் தெரியாததால் பெரிய சிக்கல் எதுவும் வரவில்லை.

கப்பல்கள் ஆற்று வாய்க்கு வந்து சேர்ந்த பிறகுதான், அவை மிதக்கும் அளவுக்கு அங்கே தண்ணீர் இல்லை என்பது அதிகாரபூர்வமாகக் கவனிக்கப்பட்டது. பார்தோ ஆறு அகலத்தில் கடல், ஆழத்தில் குட்டை. தென்கிழக்குக் காற்று பலமாக வீசி, கடல்நீரைப் பிடித்து ஆற்றுக்குள் தள்ளுகிற நாட்களில் மட்டும் பெரிய கப்பல் உள்ளே வரலாம். மற்ற நாட்களில் வெளியே நங்கூரம் போட்டு நிற்க வேண்டியதுதான்.

"ஆத்துல ஆழம் இல்லைங்கிறதை முன்னாடியே சொல்றதுக்கு என்ன, கேப்டன்?" என்று கேட்டார் கடற்படை அமைச்சர் தோன் அனக்ளேத்தோ. அவர் பெரிய மாட்டுப் பண்ணைக்காரர். கப்பலில் ஏறினாலே அவருக்கு வாந்தி வரும்.

"மூணு தடவை எழுதினேங்க."

"எழுதினீங்க, சரி. சொல்லலையே."

தலைநகரில் போர்க்கப்பல் மோகம் பிடித்து ஆட்டியது. மிட்டாய்க் கடைகளில் புகைபோக்கி வைத்த கேக் விற்றது. சீமாட்டிகள் பீரங்கிக் கோபுரம் வைத்த தொப்பி போட்டுக்கொண்டு தேவாலயத்துக்கு வந்தார்கள். பின்வரிசையில் உட்கார்ந்தவர்களுக்குப் பாதிரியார் தெரியவில்லை. இந்தக் கரைத் தொப்பியில் இரண்டு பீரங்கி என்றால் அடுத்த வாரம் அந்தக் கரைத் தொப்பியில் நாலு முளைத்தது. பத்திரிகைகளும் தங்கள் பங்குக்கு உறும, இது எங்கே போய் முடியுமோ என்று பயந்து, இரண்டு அரசாங்கங்களும் டாக்டர் பல்மோரியை அழைத்தன.

டாக்டர் பல்மோரி சான் ஹசிந்தோவின் வெளியுறவு நிபுணர். மெலிந்த மனிதர், மெதுவாகத்தான் பேசுவார். அவர் ஒரு வாக்கியத்தை ஆரம்பித்தால் கேட்பவர்கள் ஒரு சுருட்டுப் பற்ற வைத்துக்கொள்வது வழக்கம். அவர்தான் 'நித்திய சமநிலை ஒப்பந்தம்' என்பதை எழுதினார். அதன் சாரம் இவ்வளவுதான்: 'இரு குடியரசுகளின் கப்பல்களும் எண்ணிக்கையிலும், வலிமையிலும், நிலையிலும் எக்காலத்தும் ஒன்றுக்கொன்று சமமாக விளங்குதல் வேண்டும்.' இரண்டு ஜனாதிபதிகளும் கையெழுத்துப் போட்டு, கட்டித் தழுவிக்கொண்டார்கள். தழுவலை முதலில் விட்டது யார் என்று ஒரு சின்னச் சர்ச்சை வந்து, இன்னொரு முறை தழுவிக்கொண்டார்கள்.

ஒப்பந்தம் நன்றாகவே நடந்தது. விக்தோரியாவில் பெயிண்ட் அடித்தால் குளோரியாவிலும் அடித்தார்கள். விக்தோரியாவின் சமையல்காரனுக்கு மஞ்சள் காமாலை வந்தபோது, குளோரியாவின் சமையல்காரனைக் கட்டாய விடுப்பில் அனுப்பினார்கள். இரண்டு கப்பல் ஆட்களும் வெந்தும் வேகாத பீன்ஸைத் தின்று சமநிலையைக் காத்தார்கள். இலாரியோ இதையெல்லாம் ஞாயிற்றுக்கிழமை விருந்தில் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். சிரித்தாலும் கப்பல் மீது அவருக்கு உயிர். காலையில் மேல்தளத்தில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடக்கும்போது, காலுக்குக் கீழே அத்தனை எஃகும் தன் பேச்சைக் கேட்கிறது என்ற நினைப்பு அவரைக் கொஞ்சம் உயரமாக்கியது.

வினை, சாந்தா பிரிகிதாவின் சுதந்திர தினத்தில் வந்தது.

அன்று நல்ல தென்கிழக்குக் காற்று. ஆறு நிரம்பி நின்றது. விக்தோரியா நகரத்தின் முன்னால் அணிவகுப்பாக வந்தது. ஒப்பந்தப்படி குளோரியாவும் விருந்தாளியாகக் கொஞ்சம் தள்ளி நின்றது. குளோரியாவில் தோன் அனக்ளேத்தோ ஒரு வாளியை அணைத்தபடி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் டாக்டர் பல்மோரி.

விக்தோரியாவில் ஏறியிருந்தவர் அந்த நாட்டுக் கடற்படை அமைச்சர். அவருடைய மனைவி புதுத் தொப்பியோடு, தோழிகள் சூழ, கரையோர மாளிகையின் மாடத்தில் நின்றிருந்தாள். அவளுக்குத் தன் கணவர் தெரியவில்லை. கணவருக்கும் தொப்பி தெரியவில்லை. மேல்தளத்தில் அப்போது நடந்த பேச்சைத் திபூர்சியோ பிற்பாடு சொல்லித்தான் இலாரியோவுக்குத் தெரியும்.

"இன்னும் கொஞ்சம் கரைப் பக்கமா போங்க, கேப்டன்."

"அங்க ஆழம் இல்லைங்க, ஐயா."

"இல்லைன்னு யார் முடிவு பண்ணினது?"

"ஆறுதாங்க."

"ஆறு நம்ம எல்லைக்குள்ளதானே ஓடுது?"

"ஆமாங்க."

"அப்ப நம்ம சட்டத்துக்குக் கட்டுப்பட்டதுதான். போங்க."

திபூர்சியோ போனார். மாடத்தில் சீமாட்டிகள் கைக்குட்டையை ஆட்டினார்கள். விக்தோரியா ஒரு நீண்ட பெருமூச்சு விட்டது போலச் சத்தம் எழுப்பி, மணல்திட்டில் ஏறி நின்றது. தரைதட்டிவிட்டது. பாண்டு வாத்தியக்காரர்களுக்கு விஷயம் புரியாததால் வாசித்துக்கொண்டே இருந்தார்கள்.

இலாரியோ கைப்பிடிக் கம்பி வரை ஓடினார். தரைதட்டினது எதிர்க்கரைக் கப்பல்தான், ஆனால் அதற்குள் இருப்பது மச்சான். அவர் ஒரு நொடியும் யோசிக்கவில்லை.

"காத்து நிக்கிற வரைக்கும்தான் தண்ணி இருக்கும். வடம் போட்டு இப்பவே இழுத்தா வந்துடும். நான் பக்கத்துல போறேன்."

"ஒரு நிமிஷம், கேப்டன்," என்றார் டாக்டர் பல்மோரி. "வடத்தை வீசப் போவது யார்?"

"நாமதான்."

"பிடிக்கப் போவது?"

"என் மச்சான்."

"அங்கேதான் சங்கடம். வீசுகிறவர் உதவி செய்கிறவர் ஆகிறார். பிடிக்கிறவர் உதவி பெறுகிறவர் ஆகிறார். உதவி பெற்ற நாடு நன்றி சொல்ல வேண்டும். நன்றி சொன்ன நாடு ஒரு படி கீழே இறங்கிவிடுகிறது. சமநிலை என்னாவது?"

"டாக்டர், அது கயிறுங்க."

"கயிறுதான். ஆனால் அதற்கு இரண்டு முனை இருக்கிறதே."

இலாரியோ அமைச்சரைப் பார்த்தார். அமைச்சர் வாளியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு படகில் தூது போயிற்று. சாந்தா பிரிகிதாவிலும் ஒரு நிபுணர் இருந்தார். அவர் பதில் அனுப்பினார்: குளோரியாவின் வடத்தை உதவியாக ஏற்பது தேசத்தின் மானத்துக்கு ஒவ்வாது. ஆனால் குளோரியாவிலிருந்து ஒரு வடம் தற்செயலாகத் தவறித் தண்ணீரில் விழுந்து, அதை விக்தோரியாவின் ஆட்கள் தற்செயலாகக் கண்டெடுத்தால், ஆட்சேபணை இல்லை.

"அருமை," என்றார் டாக்டர் பல்மோரி. அவர் முகத்தில் உண்மையான தொழில் மரியாதை தெரிந்தது. "ஆனால் அரசாங்க வடத்தைத் தொலைத்தவர் என்று யாராவது ஒருவர் தண்டிக்கப்பட வேண்டுமே?"

"என்னைத் தண்டிச்சுக்கங்க," என்றார் இலாரியோ. "சீக்கிரம் தண்டிங்க. காத்து திரும்பப் போகுது."

"தண்டித்துவிடலாம். பிறகு அவர்களும் ஒரு வடத்தைத் தொலைத்து, நாமும் ஒன்றைக் கண்டெடுக்க வேண்டும். இல்லாவிட்டால் அவர்கள் கணக்கில் ஒரு வடம் அதிகமாகிவிடும்."

மறுபடியும் படகு போயிற்று. எந்த வடம் முதலில் தொலைய வேண்டும் என்பதில் கருத்து வேறுபாடு வந்தது. இரண்டையும் ஒரே நேரத்தில் தொலைப்பது என்றும், அந்த நேரத்தை எந்த நாட்டுத் தேவாலய மணி அறிவிப்பது என்பதைப் பிறகு பேசிக்கொள்வது என்றும் முடிவாயிற்று. பிறகு அதைப் பேசினார்கள். விக்தோரியாவின் மேல்தளத்தில் திபூர்சியோ தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துகொண்டு நிற்பது இலாரியோவின் தொலைநோக்கியில் தெரிந்தது. திபூர்சியோவும் தொலைநோக்கியைத் தூக்கி இந்தப் பக்கம் பார்த்தார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டே சும்மா நின்றார்கள்.

கடைசியில் இரண்டு மணிகளும் சேர்ந்து அடித்தன. இரண்டு வடங்களும் முறைப்படி தொலைந்தன, முறைப்படி கண்டெடுக்கப்பட்டன. குளோரியா முழு வேகத்தில் இழுத்தது. விக்தோரியா அசையவில்லை. காற்று வடக்கே திரும்பி வெகுநேரம் ஆகியிருந்தது. தண்ணீர் வடிந்து, கப்பலின் வயிற்றைச் சுற்றி மணல் தெரிந்தது. அதன் மேல் ஒரு நாரை நின்றது.

மறுநாள் இரண்டு கரைப் பத்திரிகைகளிலும் ஒரே தலைப்பு: 'பேச்சுவார்த்தை வெற்றி.'

அந்த வாரக் கடைசியில் இலாரியோவை அமைச்சகத்துக்கு அழைத்தார்கள். தோன் அனக்ளேத்தோ, தரையில் இருந்ததால், மிகவும் கம்பீரமாக இருந்தார்.

"கேப்டன், நிலைமை மோசம். விக்தோரியா மணல்ல நிக்குது. நம்ம கப்பல் மிதக்குது. எதிர்க்கரைக்காரங்க இதைப் பகைமைச் செயல்னு சொல்றாங்க."

"மிதக்கிறதா பகைமை?"

"ஒப்பந்தத்தில் 'நிலை' என்ற சொல் இருக்கிறது," என்றார் டாக்டர் பல்மோரி. "நிலை சமமாக இருக்க வேண்டும். அவர்கள் கப்பலை மிதக்கவைக்க முடியாது என்று பொறியாளர்கள் சொல்லிவிட்டார்கள். ஆகவே..."

இலாரியோவுக்குப் புரியச் சற்று நேரம் ஆயிற்று. புரிந்ததும் உட்கார்ந்துவிட்டார்.

"நல்ல கப்பலை நானே கொண்டுபோய் மணல்ல ஏத்தணுமா?"

"ஏத்தறதுன்னு யார் சொன்னது?" என்றார் அமைச்சர். "ஏத்தினா அது விபத்து. இது, என்ன டாக்டர் அது?"

"நிலைபெறச் செய்தல்."

"ஆமா. நிலைபெறச் செய்தல். எங்கயும் ஓடாத கடற்படைதான் நிலையான கடற்படை. செய்யலைன்னா சண்டை வரும். நீங்களும் உங்க மச்சானும் பீரங்கியை எதிரெதிரா வச்சுக்கிட்டு நிக்கணும். யோசிச்சுச் சொல்லுங்க."

இலாரியோ வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்துக்கொண்டார். ரெமேதியோஸ் மாத்தேக் குடுவையை நீட்டினாள். அவர் வாங்கவில்லை.

"ராஜினாமா பண்ணப் போறேன்."

"பண்ணுங்க. அப்புறம் யாரை அனுப்புவாங்க?"

"யாரையோ அனுப்பட்டும்."

"அமைச்சரோட மருமகன் ஒருத்தன் இருக்கானே, வாத்துக் குளத்துல படகு விட்டவன், அவனை அனுப்புவாங்க. அவன் மணல்ல ஏத்த மாட்டான், பாறையில ஏத்துவான். கப்பலும் போகும், அதுல இருக்கிற ஆளுங்களும் போவாங்க." அவள் குடுவையை அவர் கையில் திணித்தாள். "இந்த ஆம்பளைங்களுக்கு ரெண்டு இரும்புப் பானை கிடைச்சாலும் எது பெருசுன்னு அளக்கணும். அளந்து தொலைங்க. ஆனா எங்க அண்ணனைச் சுடுறதுக்கு நான் உங்களுக்குச் சோறு போடலை. நாளைக்குப் போய் அவன்கிட்டயே கேளுங்க, எங்க ஏத்தினா வலிக்காதுன்னு."

மறுநாள் இலாரியோ ஒரு துடுப்புப் படகில், ஒரு துண்டு விலாக்கறியோடு, விக்தோரியாவுக்குப் போனார். திபூர்சியோ சாய்ந்த மேல்தளத்தில், சாய்ந்த நாற்காலியில், அதற்குத் தக்கபடி எதிர்ப்புறம் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

"வாங்க மாப்பிள்ளை. கேள்விப்பட்டேன். உங்களையும் இங்கயே அனுப்புறாங்களாமே."

"எப்படி மச்சான் மனசு வருது? நேத்துதான் பித்தளைக் கைப்பிடியெல்லாம் துடைச்சு வச்சேன்."

"எனக்கு மட்டும்? எனக்கு யோசிக்கக்கூட நேரம் குடுக்கலை. உங்களுக்காவது முன்கூட்டியே சொல்லிட்டாங்க." திபூர்சியோ கையை நீட்டித் திட்டைக் காட்டினார். "அதோ, அந்த மேற்குப் பக்கம் வாங்க. அங்க மணல் இல்லை, களிமண்ணு. மெத்தை மாதிரி இருக்கும். அடுத்த தென்கிழக்குக் காத்துக்கு மெதுவா வந்து, கடைசியில இன்ஜினை நிறுத்திட்டு விட்டுடுங்க. அதுவா உக்காந்துக்கும்."

அப்படியே நடந்தது. அடுத்த தென்கிழக்குக் காற்று வந்த நாளில் இரண்டு கரையிலும் கூட்டம் கூடிற்று. இலாரியோ தன் வாழ்நாளில் அவ்வளவு கவனமாகக் கப்பல் ஓட்டியதில்லை. சுக்கான் பிடித்தவனின் தோளில் கை வைத்து, ஆழம் பார்க்கிறவன் கூவக் கூவ, பெரிய மிருகத்தைத் தொழுவத்துக்குள் நடத்துவது போல நடத்திக்கொண்டுபோய், இன்ஜினை நிறுத்தினார். குளோரியா களிமண்ணில் அமர்ந்தபோது, கூட வந்திருந்த அமைச்சரின் வாளிகூடத் தளும்பவில்லை. இலாரியோவுக்கு மட்டும் பாதத்தில் தெரிந்தது. அதுவரை காலடியில் மெல்ல மூச்சு விட்டுக்கொண்டிருந்த ஒன்று சட்டென்று நின்றுபோனது. அவர் அறைக்குள் போய், கதவைச் சாத்தி, தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வெளியே இருபத்தோரு குண்டு மரியாதை முழங்கியது.

அத்தோடு விட்டார்களா? விக்தோரியா இடப்பக்கம் சாய்ந்திருந்தது. குளோரியா நிமிர்ந்து நின்றது. நிமிர்ந்து நிற்பது ஆணவம் என்று எதிர்க்கரையிலிருந்து ஆட்சேபணை வந்தது. இரண்டு நாட்டு நிபுணர் குழுவும் அளவுகோலோடு வந்து பார்த்தது. குளோரியாவின் நிலக்கரி முழுவதையும் ஒரு பக்கமாக அள்ளிப் போட்டார்கள். அது சரிந்து, விக்தோரியாவுக்குச் சமமாய்ச் சாய்ந்தது. இலாரியோவுக்குத் தேசத்தின் நன்றியோடு ஒரு தங்கப் பதக்கம் கொடுத்தார்கள். திபூர்சியோவைக் கப்பலைக் கெடுத்த குற்றத்துக்காக விசாரித்துக்கொண்டிருந்தார்கள். ஒரே காரியத்துக்கு இங்கே பதக்கம், அங்கே தண்டனை என்றால் சமநிலை கெடும் என்று டாக்டர் பல்மோரி எடுத்துச் சொல்ல, விசாரணையைப் பாதியில் நிறுத்தி, திபூர்சியோவின் நெஞ்சிலும் அதே எடையில் ஒரு பதக்கத்தைக் குத்தினார்கள்.

ஊர் ஜனங்கள் ஒரு வருஷம் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். மதுக்கடைகளில் வேறு பேச்சே இல்லை. "என்னப்பா, நிலைபெற்றுட்டியா?" என்றுதான் குடித்து விழுந்தவனைக் கேட்டார்கள். தொப்பிக் கடைக்காரர்கள் பீரங்கித் தொப்பியை இடப்பக்கம் சாய்த்துப் போடுவதுதான் இப்போது நாகரிகம் என்று அறிவித்தார்கள். இரண்டு கரைச் சீமாட்டிகளும் கழுத்துச் சுளுக்கோடு நடந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை விருந்துகளில் இலாரியோவும் திபூர்சியோவும், மனசு ஆறிவிட்டபடியால், எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தார்கள். அமைச்சர்களைப் போல முட்டாள்கள் உலகத்தில் இல்லை என்பதில் இரண்டு கரைக்கும் முழு ஒற்றுமை இருந்தது.

பிறகு ஒரு நாள் ஆற்றின் மேலிருந்து 'பாசியென்சியா' வந்தது.

ஆற்றின் தலைப்பக்கத்தில், மலைக்குள், மோந்தே ஆல்தோ என்று மூன்றாவதாக ஒரு குடியரசு உண்டு. கடலே கிடையாது. அதனிடம் இருந்தது மாடு ஏற்றுகிற ஒரு தட்டைப் படகு; அதுதான் பாசியென்சியா, அதாவது 'பொறுமை'. அடி தட்டையாக இருந்ததால் அது எந்த ஆழத்திலும் போகும், பனி பெய்த புல்லில்கூடப் போகும் என்று சொல்வார்கள். அந்தப் படகில், மாடுகளுக்கு நடுவே, கறுப்புக் கோட்டுப் போட்ட ஒரு தூதர் தன் மனைவியோடு நின்று வந்தார். அவர் இரண்டு அரசாங்கங்களுக்கும் அறிவித்தது இதுதான்: பார்தோ ஆற்றில் இப்போது நகரக்கூடிய நிலையிலுள்ள ஒரே அரசுக் கலம் மோந்தே ஆல்தோவினுடையது. ஆகவே இந்த வட்டாரத்தின் முதன்மைக் கடற்படை அதுதான். வழக்கப்படி, அது கடந்து போகும்போது மற்ற நாட்டுப் போர்க்கப்பல்கள் பீரங்கி மரியாதை செலுத்த வேண்டும்.

டாக்டர் பல்மோரி புத்தகங்களைப் புரட்டினார். "துரதிர்ஷ்டவசமாக, அவர்கள் சொல்வது சரி," என்றார்.

இலாரியோதான் சுட உத்தரவு கொடுக்க வேண்டியிருந்தது. கப்பல் சாய்ந்திருந்ததால் இடப்பக்கப் பீரங்கிகள் தண்ணீரையும் வலப்பக்கப் பீரங்கிகள் வானத்தையும் பார்த்தன. வெற்றுக் குண்டு வெடித்ததும் சேறு எழும்பி மேல்தளமெல்லாம் அடித்தது. மாடுகள் மிரண்டு, நாலைந்து ஆற்றில் குதித்தன. தூதர் தொப்பியைத் தூக்கி வணக்கம் சொன்னார். மீசையிலிருந்து சேறு வடிய, இலாரியோவும் வணக்கம் சொன்னார்.

கரையில் ஒருவரும் சிரிக்கவில்லை.

மதுக்கடையில் எல்லோரையும்விடக் கேலி பேசிய ஆள்தான் முதலில் மேஜையைத் தட்டினான். "மாட்டுப் படகுக்கு நாம சலாம் போடுறதா?" அன்று மாலையே சதுக்கத்தில் கூட்டம் சேர்ந்துவிட்டது. முன்பு வாங்கியதைவிடப் பெரிய கப்பல் வாங்க வேண்டும். அரசாங்கம் வாங்காவிட்டால் மக்களே தங்கம் போட்டு வாங்குவார்கள். அரசாங்கம் வாங்க மாட்டேன் என்று சொல்லவே இல்லை என்பது அந்த ஆவேசத்தில் யார் காதிலும் விழவில்லை. தேவாலயப் படிக்கட்டில் ஒரு பெரிய தாம்பாளத்தை வைத்தார்கள். எதிர்க்கரையிலும் வைத்தாயிற்று என்று மறுநாள் செய்தி வந்தது.

இலாரியோ தீர்மானமாக இருந்தார். இந்தப் பைத்தியக்காரத்தனத்தை இன்றோடு நிறுத்திவிட வேண்டும். ஆறு ஆழமில்லை, எந்தக் கப்பல் வந்தாலும் இதே கதிதான் என்று படிக்கட்டில் ஏறி நின்று சொல்லிவிட வேண்டும். பேச வேண்டியதை வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே போனார். கூட்டம் விலகி வழிவிட்டது. படியில் கால் வைத்தபோது தோன் அனக்ளேத்தோ அவர் காதருகே குனிந்தார்.

"எதிர்க்கரையில முதல் தங்கம் யார் வீட்டுலேர்ந்து வந்ததுன்னு தெரியுமா? சலாசார் வீட்டுலேர்ந்து."

இலாரியோ நின்றார். மச்சானா? போன ஞாயிற்றுக்கிழமைதான் இதே கப்பல் பேச்சைக் கேட்டு ஒயின் மூக்கில் ஏறச் சிரித்த மச்சானா? இங்கே நான் நியாயம் பேசிக்கொண்டிருக்க, அங்கே அவன் புதுக் கப்பலில் ஏறி, என் முகத்துக்கு நேரே ஓட்டிக்கொண்டு போவானா? அவருக்குக் காது சூடாயிற்று. படியேறினார். கூட்டம் அமைதியாயிற்று. அவர் மார்பிலிருந்த பதக்கத்தைக் கழற்றித் தாம்பாளத்தில் போட்டார்.

"வாங்கறதுதான் வாங்கறோம்," என்றார், "அவங்களுதைவிட ஒரு அடியாவது நீளமா வாங்குங்க."

அப்படி ஒரு கைதட்டலை அவர் முன்னே பின்னே கேட்டதில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை விருந்து இலாரியோவின் வீட்டில். திபூர்சியோ வந்தார். நெஞ்சில் பதக்கம் இல்லை. இருவரும் கறியை வெட்டினார்கள். உப்பைக் கேட்பதற்குக்கூட ரெமேதியோஸ் வழியாகத்தான் கேட்டார்கள். கடைசியில் திபூர்சியோவுக்குப் பொறுக்கவில்லை.

"நீங்க இப்படிப் பண்ணுவீங்கன்னு நான் நினைக்கலை, மாப்பிள்ளை. நான் தாம்பாளத்தை எத்தி உடைக்கப் போனேன். உகால்தே வீட்டுலேர்ந்து அந்தக் கரையில தங்கம் விழுந்தாச்சுன்னு சொன்னாங்க. அதுக்கப்புறம் நான் என்ன செய்ய? பதக்கத்தைக் கழட்டிப் போட்டேன்."

"நான் போட்டதே உங்க வீட்டுலேர்ந்து தங்கம் விழுந்துடுச்சுன்னு சொன்ன பிறகுதானே?"

"நான்தான் போடலைங்கிறேனே."

"அப்ப யார் போட்டது?"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். உகால்தே வீட்டிலும் சேர்த்தி, சலாசார் வீட்டிலும் சேர்த்தி என்று உலகத்தில் ஒரே ஒரு ஆள்தான் உண்டு. இருவரும் மெதுவாக மேஜையின் மறுமுனைக்குத் திரும்பினார்கள். ரெமேதியோஸ் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். அவள் காதுகள் இரண்டும் வெறுமையாக இருந்தன.

"என்ன பார்க்கிறீங்க?" என்றாள். "அந்த மோந்தே ஆல்தோ தூதரோட பொண்டாட்டி சந்தையில என்னை இடிச்சுக்கிட்டு முன்னாடி போறா. மாட்டுப் படகுக்காரி. இதைப் பார்த்துக்கிட்டு இருக்கச் சொல்றீங்களா? ஒரு தோட்டைக் கழட்டி இந்தக் கரையில போட்டேன்."

"சரி," என்றார் இலாரியோ. "அந்தக் கரையில எதுக்குடி போட்டே?"

ரெமேதியோஸ் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். இவ்வளவு காலம் கப்பல் ஓட்டிய ஆட்களுக்கு இதுகூடவா தெரியாது என்பது போல இருந்தது அந்தப் பார்வை.

"ஒத்தைத் தோட்டோட நான் எப்படி வெளிய தலைகாட்டுறது? ரெண்டு பக்கமும் சமமா இருக்க வேண்டாமா?"